கட்டுண்ட மாறியும் ஒரு பாடநூலும்: ‘டெர்ம் ரீரைட்டிங் அண்ட் ஆல் தட்’ நூல் விமர்சனம்

ஃபிரான்ஸ் பாடர், டோபியாஸ் நிப்கோ இருவரும் எழுதிய ‘டெர்ம் ரீரைட்டிங் அண்ட் ஆல் தட்’ 1998இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சக வெளியீடாக வந்தது. ஒரு கோவையை விதிகளின்படி மாற்றி மாற்றி எழுதி விடை காண்பதே டெர்ம் ரீரைட்டிங். தமிழில் கோவை மாற்றியெழுதல் எனலாம். இத்துறைக்கு ஆங்கிலத்தில் வந்த முதல் பாடநூல் இது. ஏறத்தாழ 300 பக்கம். கோட்பாட்டுக் கணினியியலைத் தாமாகப் படிக்க விரும்பும் மாணவருக்கு இன்றும் இதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன். பரிந்துரைக்கும்போதே ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும்.

நூல் தொடங்குவது பிளஸ் டூ மாணவருக்குப் பழக்கமான வகையிடலில். ப-வைப் பொறுத்து ப-வின் வகைக்கெழு 1, ம-வின் வகைக்கெழு 0, கூட்டலுக்கு ஒரு விதி, பெருக்கலுக்கு ஒரு விதி. (நூலில் இருப்பவை ரோமன் எழுத்துகள், நான் தமிழ் எழுத்துகளை இட்டுக்கொள்கிறேன்.) எந்த வரிசையில் மாற்றினாலும் வேலை ஒரு கட்டத்தில் நிற்குமா? ஒரே விடைதான் வருமா? முதல் கேள்வி முடிவுறுதல் பற்றியது, இரண்டாவது சங்கமம் பற்றியது. பிறகு ‘எதனுடன் 0 கூட்டினாலும் அதுவே’ என்று ஐந்தாவது விதி ஒன்றைச் சேர்க்கிறார்கள். சாதுவாகத் தெரியும் இந்த விதி சங்கமத்தைக் கெடுத்துவிடுகிறது. (ப + 0) என்பதைச் சுருக்கிவிட்டு வகையிட்டால் விடை 1. கூட்டல் விதியை முதலில் பயன்படுத்தினாலோ ‘1 + 0-இன் வகைக்கெழு’ என்று வந்து நின்றுவிடும். 0-ஐ வகையிட விதி இல்லை. அதற்கும் ஒரு விதி சேர்த்தால் சரியாகிவிடுகிறது. இரண்டு பெரிய கருத்துகளை இரண்டு பக்கத்துக்குள் இப்படி விளங்கவைப்பது எளிதல்ல.

ஆனால் இந்த எடுத்துக்காட்டில் ப, ம இரண்டும் உண்மையில் மாறிகள் அல்ல; 0, 1 போல நிலையான குறிகள். வகையிடலிலும் தொகையிடலிலும் மாணவரைத் திணறவைப்பது எதுவோ அது இங்கே இல்லை: கட்டுண்ட மாறி. 0 முதல் 1 வரை (ப + ம) என்பதை ப-வைப் பொறுத்துத் தொகையிட்டால் 1/2 + ம வரும். ப-வுக்குப் பதில் த என்று எழுதினாலும் விடை மாறாது. ஏன் மாறாது என்று கேட்ட பிள்ளைகளிடம் “அது வெறும் பெயர்தான்” என்று சொல்லிக் கடந்துபோனவன் நான். வெறும் பெயர் இல்லை. ம இருக்கும் இடத்தில் ப-வை வைக்கச் சொன்னால் விடை 1/2 + ப ஆக வேண்டும். தொகையிடல் குறிக்குள்ளே கண்ணை மூடிக்கொண்டு வைத்தால் (ப + ப) ஆகி விடை 1 என்று வருகிறது. வெளியிலிருந்து வந்த ப உள்ளே இருந்த ப-விடம் சிக்கிக்கொண்டது. உள்ளே இருப்பதை முதலில் த என்று பெயர் மாற்றியிருந்தால் சிக்கியிருக்காது.

இதைச் சரியாகக் கையாள்வதற்கே உயர்வரிசை மாற்றியெழுதல் தோன்றியது. யான் வில்லெம் க்ளாப் 1980இல் ஒரு வடிவம் தந்தார். 1991இல் வேறொரு வடிவம் தந்தவர் இந்நூலாசிரியர்களில் ஒருவரான நிப்கோ. அவர் முறையில் கோவைகள் வகைப்படுத்தப்பட்ட லாம்டா கால்குலஸில் எழுதப்படுகின்றன. பெயர் மாற்றத்தை அதுவே கவனித்துக்கொள்கிறது. ‘ப-வைக் க-வுக்கு அனுப்பும் சார்பின் வகைக்கெழு 0’ என்று விதி எழுதினால், க-வின் இடத்தில் ப உள்ள எதுவும் பொருந்தாது. ‘க மாறிலியாக இருக்க வேண்டும்’ என்று ஓரத்தில் குறிப்பு எழுதத் தேவையே இல்லை.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சங்கிலி விதியைப் பொதுவாக, எந்தச் சார்பு ‘வெளி’க்குள்ளும் எந்தச் சார்பு ‘உள்’ இருந்தாலும் பொருந்தும்படி எழுத ஆசை வரும். ‘வெளி’ என்பதை ஒன்றும் செய்யாத சமனிச் சார்பாகவும், ‘உள்’ என்பதை முழுக் கோவையாகவும் பொருத்திவிடலாம். கிடைப்பது 1 பெருக்கல் அதே வகைக்கெழு; திரும்பவும் அதே விதி, முடிவே இல்லை. டேல் மில்லர் 1991இல் வைத்த கட்டுப்பாடு இங்கேதான் உதவுகிறது: சார்பு மாறிக்குள் வேறுவேறான கட்டுண்ட மாறிகள் மட்டுமே வரலாம். பொதுச் சங்கிலி விதி இதில் தேறாது. ‘சைனுக்குள் ஒரு சார்பு’ என்ற தனி விதி தேறும். சைனுக்கு ஒன்று, கொசைனுக்கு ஒன்று என்று வகுப்பில் மனப்பாடம் செய்யவைத்தோமே, அந்தப் பட்டியலுக்கு இப்படி ஒரு நியாயம் இருப்பது எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது.

இத்தனையும் உள்ள பொருளுக்கு நூலில் கிடைத்திருப்பது கடைசி அத்தியாயமான பதினொன்றில், ‘விரிவாக்கங்கள்’ வரிசையில் நான்காவதாகச் சில பக்கங்கள். ஆசிரியர்கள் பக்கமும் நியாயம் உண்டு. முதல்வரிசையில் இரு கோவைகளை ஒன்றாக்க முடியுமா என்பதை எப்போதும் கணித்துவிடலாம். உயர்வரிசையில் பொதுவாக அது கணிக்கவே முடியாதது. இரண்டாம் வரிசையிலேயே முடியாது என்று கோல்ட்ஃபார்ப் 1981இல் நிறுவினார். எளியதை முதலில் வைத்தது சரிதான். எனினும் குரோப்னர் அடிப்படைகளுக்கு முழு அத்தியாயம் தந்தவர்கள், தங்களில் ஒருவரே ஒரு வடிவம் தந்த துறையை இவ்வளவு ஒடுக்கியிருக்க வேண்டியதில்லை. இது தன்னடக்கமாக இருக்கலாம், நட்டம் மாணவருக்கு. டெரேசே என்ற குழுப்பெயரில் 2003இல் வந்த நூல் உயர்வரிசைக்குத் தனி அத்தியாயம் தருகிறது. ஆனால் அது 800 பக்கத்தைத் தாண்டும் நூல். தொடக்க மாணவர் கையில் கொடுக்க மனம் வராது.

இது வெறும் பாடத்திட்டப் பிரச்சினை அல்ல. நிப்கோவும் சேர்ந்து உருவாக்கிய இசபெல் போன்ற நிரூபணக் கருவிகள் இவ்வகை மாற்றியெழுதலை நம்பியே இயங்குகின்றன. மேலே சொன்ன சிக்கலை அக்கருவி ஒரே ஒருமுறை கவனிக்கத் தவறினாலும் 1/2 + ப = 1 என்பது தேற்றமாகிவிடும். ப-வுக்கு 0 இட்டால் அரையும் ஒன்றும் சமம். அதன் பிறகு அக்கருவியைக் கொண்டு எதை வேண்டுமானாலும் நிறுவலாம்.

ஆகவே இந்நூலைப் படிப்பவர்கள் முதல் ஆறு அத்தியாயங்களை வரிசையாக முடித்துவிட்டு, ஏழு முதல் பத்து வரை தள்ளிவைத்து, நேரே பதினொன்றின் நான்காம் பகுதிக்குப் போகலாம். அதற்குமுன் அந்தத் தொகையிடலை ஒரு தாளில் எழுதி, ம-வுக்குப் பதில் ப-வைத் தவறாக ஒருமுறையும் சரியாக ஒருமுறையும் தம் கையாலேயே இட்டுப் பார்க்கட்டும்.