மிளகுக்கொடியும் உடைமையும்: ‘கொச்சரேத்தி’ நாவலை முன்வைத்து

முன்னுரை

மலையாளத்தில் பழங்குடியினர் ஒருவரால் எழுதப்பட்ட முதல் நாவலாகக் கருதப்படுவது நாராயண் (1940–2022) எழுதிய ‘கொச்சரேத்தி’. 1998ஆம் ஆண்டு நூலாக வெளிவந்து, கேரள சாகித்திய அகாதெமியின் விருதைப் பெற்ற இந்நாவல், இடுக்கி மலைப்பகுதியில் வாழும் மலையரையர் சமூகத்தின் இருபதாம் நூற்றாண்டு வாழ்வை விரித்துரைக்கிறது. நாராயண் இச்சமூகத்தில் பிறந்தவர். அஞ்சல் துறையில் பணியாற்றியவர். பழங்குடியினரைப் பற்றி வெளியார் தீட்டிய சிதைந்த சித்திரங்களுக்கு மறுமொழியாகவே தாம் எழுதியதாக அவர் கூறியுள்ளார்.

இந்நாவலைச் சடங்கு, வழிபாடு, மணமுறை ஆகியவற்றின் தொகுப்பாக, அதாவது இனவரைவியல் ஆவணமாகக் காணும் போக்குத் திறனாய்வில் உண்டு. அப்போக்கு நாவலின் உள்ளோட்டம் ஒன்றினை மறைத்துவிடுகிறது. மழைக்காட்டுச் சிற்றூர் ஒன்றில் ‘இது எம்முடையது’ என்னும் சொல் எவ்வாறு பொருள் மாறிச் செல்கிறது என்பதே அவ்வுள்ளோட்டம். அதனை எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சங்கப் பாடல்களில் மலையும் மிளகும்

குறிஞ்சி நிலத்தைக் கற்ற தமிழ் வாசகர்க்கு இந்நாவலின் நிலம் அயலானது அன்று. கருப்பொருள்களைத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் எனத் தொகுக்கும் தொல்காப்பியர், அவற்றை நிலத்திற்கு உரியனவாகவே கூறுகிறார். எவருக்கு உரியன என்னும் வினா அங்கு எழுவதில்லை. பறம்பு மலையைப் பாடும் கபிலர், உழவின்றியே கிடைக்கும் மூங்கிலரிசி, பலா, வள்ளிக்கிழங்கு, தேன் ஆகிய நான்கனைச் சுட்டுகிறார் (புறம். 109). இவை மலை தருபவை.

மிளகு இந்நான்கனின் வேறுபட்டது. ‘கறி’ என்னும் பெயரால் மலைச்சாரலில் படரும் கொடியாகச் சங்கப் பாடல்கள் அதனைக் காட்டுகின்றன. யவனர் பொன்னொடு வந்து மிளகொடு மீளும் முசிறியை அகநானூறு காட்டுகிறது (149). மிளகு மூட்டைகள் மனைகளில் குவிந்திருந்ததைப் பரணர் பாடுகிறார் (புறம். 343). ஆக, மிளகின் பயணத்தில் மலை என்னும் தொடக்கமும் துறைமுகம் என்னும் முடிவும் நமக்குக் கிடைக்கின்றன. இடையில் மலைச் சிற்றூரின் முற்றத்தில் மிளகு கைமாறிய கணம் கிடைப்பதில்லை. கொடுத்தவர் யார், பெற்றது என்ன, எவர் தராசில் நிறுக்கப்பட்டது என்னும் வினாக்களுக்கு அப்பாடல்கள் விடை தருவதில்லை. அதே மேற்குமலைத் தொடரில் நிகழும் ‘கொச்சரேத்தி’ அம்முற்றத்தில் நின்று எழுதப்பட்டது என்பதே அதன் தனிச்சிறப்பு எனலாம்.

உழைப்பால் அமைந்த உரிமை

காட்டைத் திருத்தியவனுக்கே நிலம் என்பது மலைவாழ்நரின் முதல் உடைமைக் கருத்து. எல்லையைக் காட்டுவது ஆவணம் அன்று. நட்ட மரமும் அதில் ஏறிய கொடியுமே. மிளகு இவ்வுரிமைக்கு நிலைத்தன்மை தருகிறது. தினைப்புனத்தை ஓராண்டு விளைத்துவிட்டுப் பெயரலாம். மிளகுக்கொடியோ நட்ட மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பின்னரே பயன் தரும். பின்னர்ப் பல்லாண்டு காய்க்கும். கொடியை நட்டவன் அவ்விடத்திலேயே தங்கியாக வேண்டும். இவ்வகையில் நாடோடிப் புனத்திலிருந்து நிலைத்த குடியிருப்புக்கு மாறும் வரலாறு ஒரு கொடியினுள் அடங்கியுள்ளது.

அதே கொடிதான் அவனைக் கடனுக்கும் ஆட்படுத்துகிறது. மிளகு நடவு திருவாதிரை ஞாற்றுவேலையை ஒட்டி நிகழ்வது. அறுவடை மார்கழி, தைத் திங்களில். இடையில் வருவது கர்க்கடகம் (ஆடி) என்னும் அடைமழைக்காலம். வேலையும் உணவும் அருகும் அந்நாளில் கொடியிலுள்ள மிளகு இன்னும் முற்றியிராது. அரிசியும் உப்பும் துணியும் கொண்டு மலையேறும் வணிகர், முற்றாத அம்மிளகையே ஈடாகக் கொள்கின்றனர். விளைந்த நாளில் விலை கூறும் உரிமை விளைவித்தவனிடம் இருப்பதில்லை. நிலம் பறிபோகுமுன்னரே விளைச்சல் பறிபோய்விடுகிறது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. மலையரையரைச் சுரண்டும் வணிகர், அலுவலர், காவலர் ஆகியோரை நாவல் தொடர்ந்து காட்டுவதன் பொருளை இப்பின்னணியிலேயே உணர இயலும். உடைமை இழப்பு ஒரு நாளில் நேர்ந்த கொள்ளையாகாது. ஆண்டுதோறும் பருவந்தவறாது நிகழ்ந்தது.

ஒரு குறையையும் சுட்ட வேண்டும். மலையேறி வரும் கீழ்நாட்டார் இந்நாவலில் பெரும்பாலும் வகைமாதிரிகளாகவே நின்றுவிடுகின்றனர். இரண்டாம் உலகப்போர்க் கால உணவுப் பஞ்சத்தில் உணவுப் பயிர் விளைக்கத் திருவிதாங்கூர் அரசு காட்டு நிலங்களைத் திறந்துவிட்டபோது, மலையேறியவருள் வறிய உழவரும் இருந்தனர். வறியவர் வறியவரின் நிலத்தில் குடியேற நேர்ந்த அச்சிக்கலை நாவல் ஆழ்ந்து தொடவில்லை.

ஆவணத்தால் அமைந்த உரிமை

அரசு காட்டைத் தனதாக்கிக்கொண்ட பின்னர், நட்ட கொடி சான்றாகாமல் தாள் சான்றாகிறது. எழுத்தறியாதவர் தம் நிலத்திலேயே ஐயத்திற்குரியவராக நிற்கின்றனர். பழங்குடியினர் நிலம் பிறர்க்கு மாறுவதைத் தடுக்கவும், மாறியதை மீட்கவும் 1975இல் கேரளம் சட்டம் இயற்றியது. அதனிடத்தில் 1999இல் வந்த சட்டமோ, 1960க்கும் 1986க்கும் இடையே கைமாறிய நிலங்களில் 2 ஹெக்டேர் வரை வாங்கியோரிடமே இருக்க இசைந்து, இழந்தவர்க்கு மாற்று நிலம் என்றது. கொடி நட்டுப் பெற்ற உரிமையை வேறிடத்து நிலத்தால் ஈடுசெய்ய இயலுமா என்பதே எஞ்சும் வினா.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சற்று வேறானது. 4 ஹெக்டேர் வரம்புக்குட்பட்ட அவ்வுரிமை வழிவழியாகச் செல்லும்; பிறர்க்கு மாற்ற இயலாது; மணமானோர்க்குக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவாகும். அரையப் பெண்ணைக் குறிக்கும் ‘கொச்சரேத்தி’ என்னும் சொல்லைத் தலைப்பாகக் கொண்ட நாவல் வெளிவந்து எட்டாண்டுகள் கழித்தே, அப்பெண்ணின் பெயர் சட்டப்படி நிலத்தில் ஏற வழி பிறந்தது. குஞ்ஞிப்பெண்ணு தன் கணவன் கொச்சுராமனோடு சுமந்த உழைப்பை நாவல் முன்னரே பதிந்து வைத்திருந்தது.

கல்வியும் அறிவுடைமையும்

இவர்தம் மகள் பார்வதி கல்வி கற்று நகரப் பணிக்குச் செல்கிறாள். மலையில் இழந்ததற்கு மாற்றாக ஊதியம் என்னும் புதிய உடைமை வருகிறது. நாவல் இதனை வெற்றியாக முழங்கவுமில்லை; வீழ்ச்சியாகப் புலம்பவுமில்லை. இறுதியில் நோயுற்ற கொச்சுராமன் அறுவைச் சிகிச்சைக்கு அஞ்சி, மனைவியோடு மருத்துவமனையினின்று வெளியேறுகிறான். அச்செயலை அறியாமை என்று கடந்துவிடலாகாது. நிலமும் விளைச்சலும் பிறர் கைக்குச் சென்ற பின் எஞ்சியிருக்கும் தன் உடலையேனும் பிறர் கையில் ஒப்படைக்க மறுக்கும் செயலாகவும் அது பொருள்படுகிறது.

பச்சிலை அறிந்த மலைச் சமூகங்களுக்கு அறிவும் ஓர் உடைமையே. இம்மலைத் தொடரின் தென்கோடியில், அகத்தியமலையில் வாழும் காணிக்காரர் 1987இல் ஆய்வாளர்க்கு ஆரோக்கியப்பச்சை என்னும் செடியைக் காட்டினர். அதிலிருந்து உருவான ‘ஜீவனி’ என்னும் மருந்தின் உரிமத்தொகையில் சரிபாதி அவர்க்குரியது என ஏற்கப்பட்டு, 1997இல் அறக்கட்டளையும் அமைந்தது. ஆயினும் அச்செடியைக் காட்டிலிருந்து எடுக்க வனத்துறை தடை விதித்தது. அறிவு அவர்களுடையது, செடி அரசினுடையது. ‘கொச்சரேத்தி’ எழுப்பும் வினா நாவலுக்கு வெளியிலும் தொடர்ந்தமைக்கு இது சான்றாகும்.

முடிவுரை

சங்கப் பாடல்கள் மலையையும் துறைமுகத்தையும் காட்டின. ‘கொச்சரேத்தி’ இடையிலிருந்த முற்றத்தைக் காட்டுகிறது. உழைப்பால் பெற்ற உரிமை, கடனால் தேய்ந்து, ஆவணத்தால் மறுக்கப்பட்டு, ஊதியமாக வேறுருக் கொள்ளும் வரலாற்றை அந்நாவல் ஒரு குடும்பத்தின் வழி உரைக்கிறது. சடங்குகளை மட்டும் தொகுத்து, மறையும் பண்பாடு என இரங்கும் வாசிப்பு, இழப்பை இயற்கை நிகழ்வாக்கிவிடும். எவர் இழந்தார், எவர் பெற்றார் எனக் கேட்கும் வாசிப்பே இத்தகைய படைப்புகளுக்கு நீதி செய்யும். குறிஞ்சித் திணை ஆய்விலும் கருப்பொருளோடு உடைமை என்னும் வினாவை இணைத்துக் காண்பது பயன் தருவதாகும்.