தோளில் படும் துணி

'சாதனை' என்றால் இன்று நமக்குக் கோப்பையும் மாலையும்தான் நினைவுக்கு வருகின்றன. நாள்தோறும் விடாமல் செய்யும் பயிற்சி என்ற பழைய பொருளைப் பாட்டுக்காரர்கள் மட்டும் 'சாதகம்' என்ற சொல்லில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அந்தோனி டி மெல்லோ என்ற இயேசு சபைக் குரு 1978-ல் தம் செப நூலுக்கு 'சாதனா' என்று பெயர் வைத்தபோது, அந்தப் பழைய பொருளைத்தான் எடுத்துக்கொண்டார். உள்ளே 47 பயிற்சிகள். நூலைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்தால்தான் அது நூலாகிறது.

மும்பையில் 1931-ல் பிறந்தவர் அவர். 1970களின் தொடக்கத்தில் புணேயின் டி நொபிலி கல்லூரியில், குருக்களும் அருட்சகோதரிகளும் வந்து தங்கிப் பயிலும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். பிறகு அது லோணாவ்ளாவுக்கு மாறியது. தன் மனத்தைத் தான் அறிந்தவரே மற்றவர் துயரத்தைக் கேட்கத் தகுந்தவர் என்பது அங்கே பாடம். நம் திருச்சபைகளில் இந்தப் பணிக்கு 'ஆற்றுப்படுத்துதல்' என்று பெயர். சங்கப் புலவன் வறிய பாணனுக்கு வழிகாட்டிய அதே சொல்!

கல்லூரியின் பெயரும் நமக்கு அந்நியமில்லை. 1606-ல் மதுரைக்கு வந்து, காவி உடுத்தித் தத்துவ போதகரான ராபர்ட் தெ நொபிலியின் பெயர் அது. குரு, அருள், பூசை என்று நம் சொற்களிலேயே கிறிஸ்தவத்தைப் பேசியவர். அவர் பெயரைத் தாங்கிய வீட்டில் பணி செய்தவர் தம் நூலுக்கு 'சாதனா' என்று பெயரிட்டதில் எனக்கு வியப்பில்லை.

வியப்பு, நூலின் தொடக்கப் பயிற்சி ஒன்றில் இருக்கிறது. செபம் செய்ய வந்தவரிடம் டி மெல்லோ கேட்பது இதுதான்: தோளில் துணி படுவது தெரிகிறதா? பிறகு முதுகு நாற்காலியில் சாய்ந்திருப்பது, கைகள் ஒன்றையொன்று தொட்டிருப்பது, பாதம் செருப்பில் பதிந்திருப்பது. ஒவ்வோர் இடத்திலும் சில நொடிகளே. சுற்றி முடித்ததும் மறுபடி தோளுக்கே திரும்பச் சொல்கிறார். அந்த 'மறுபடி'யில்தான் நான் நின்றுவிடுகிறேன். முதல் சுற்றில் 'துணி' என்ற சொல்தான் மனத்தில் ஓடும். இரண்டாம் சுற்றில்தான் துணியே தோளில் படும். சரளி வரிசையை ஏன் திரும்பத் திரும்பப் பாட வைக்கிறார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மனிதன் தலையை விட்டு இறங்கி வரட்டும் என்று, கடவுளின் பெயரைக்கூட அவசரமாக எடுக்காமல் காத்திருக்கிறார் இந்தக் குரு. எத்தனை மரியாதை அந்தப் பொறுமையில்!

சத்தம் செபத்தைக் கெடுக்கிறது என்பவர்களுக்கும் ஒரு பயிற்சி உண்டு. கட்டைவிரல்களால் காதையும் உள்ளங்கைகளால் கண்ணையும் பொத்திக்கொண்டு, பத்து மூச்சுகளின் ஒலியை மட்டும் கேட்க வேண்டும். பின் கையை மெல்ல மடியில் இறக்கினால், விரட்ட நினைத்த அதே சத்தங்கள் வந்து சேரும். இப்போது அவற்றையே உன்னிப்பாகக் கேட்கச் சொல்கிறார்.

1987-ல் நியூயார்க்கில் அவர் இறந்தார். 1998-ல் வத்திக்கான் அவருடைய சில கருத்துகள் குறித்து எச்சரித்தது. ஆனால் தொடக்க நூல்கள் கிறிஸ்தவ ஆன்மிகத்தின் எல்லைக்குள் இருப்பதை அந்த அறிக்கையே ஒப்புக்கொண்டது.

நூலில் பின்னால் ஒரு கதை வருகிறது. படுக்கையில் கிடக்கும் முதியவர், எதிரே வெறும் நாற்காலி ஒன்றைப் போட்டு, அதில் இயேசு அமர்ந்திருப்பதாக எண்ணிப் பேசிப் பழகுகிறார். மகளுக்குத் தெரியாது, பார்க்க வந்த சாமியாரிடம் மட்டும் சொல்கிறார். முன்பு நம் முதுகு உணர்ந்த நாற்காலி இங்கே எதிர்ப்பக்கம் போய்விட்டதைக் கவனியுங்கள். பிறகு ஒருநாள் மகள் வெளியே போய்த் திரும்புகிறாள். அப்பாவின் உயிர் போயிருக்கிறது. ஒன்றுதான் புரியவில்லை என்கிறாள் சாமியாரிடம்: தலை தலையணையில் இல்லை, பக்கத்து நாற்காலியில் சாய்ந்திருந்தது.