நட்சத்திரம் யாருக்கு? – ஒரு மனுவை வாசித்தல்

சோழபுரத்தில் தோழர்கள் சிலர் ஒரு மனு தயாரித்திருந்தார்கள். வீட்டில் வைத்துக் காசுக்குப் பிள்ளை பார்க்கும் பெண்களைப் பதிவு செய்ய வேண்டும். வருஷத்துக்கு இருமுறை பாதுகாப்பு ஆய்வு வேண்டும். தரத்தைப் பொறுத்து ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் தர வேண்டும் என்பது கோரிக்கை. ‘நீங்கதான் தமிழ் எம்.ஏ., சந்திப்பிழை மட்டும் பாத்துக் குடுங்க’ என்றார்கள். பார்த்தேன். சந்தியில் பெரிய குறை இல்லை. கோளாறு எழுவாயில் இருந்தது.

மனு முழுவதும் ‘வேண்டும்’ என்று முடிகிற கட்டளைகள். அவள் அடுப்பைத் தடுக்க வேண்டும். அவள் தண்ணீர்த் தொட்டியை மூட வேண்டும். அவள் பதிவேடு வைக்க வேண்டும். எழுவாய் எல்லா இடத்திலும் அவள்தான். மில் ஒரு வாக்கியத்திலும் எழுவாயாக வரவில்லை. அரசு வருகிறது, நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு பார்வையிடுகிறவராக மட்டும். ஒரு பிரதி யாரைப் பேசவைக்கிறது என்பதோடு, யாரைப் பேசாமலே தப்பவிடுகிறது என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆய்வே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் இடது முன்கையில் ஒரு தழும்பு இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கம். அம்மா ஒரு மில்லில் கோன் வைண்டிங். காலைச் சங்கு ஊதுமுன் என்னைப் பக்கத்து வளவில் ஒரு பாட்டியிடம் விட்டுவிட்டு ஓடுவாள். பத்துக்குப் பத்து அறை, ஏழு பிள்ளைகள், அறைக்குள்ளேயே மண்ணெண்ணெய் ஸ்டவ். ஒருநாள் உலைத்தண்ணி சாய்ந்தது. பாட்டி என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மிச்ச ஆறு பிள்ளைகளை யார் பார்த்தார்களோ. சாயங்காலம் அம்மா வந்து பாட்டியைக் கண்டபடி ஏசினாள். மறுநாள் காலையில் மறுபடி அவளிடமே கொண்டுபோய் விட்டாள். ‘வேற எங்கிட்டு விட?’ இந்த ஒரு கேள்வி மனுவில் இல்லை.

கேள்வியின் பூகோளம் நமக்குத் தெரிந்ததுதான். இராசபாளையத்தில் நூற்பாலை, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி, தளவாய்புரத்தில் நைட்டித் தையல். எல்லாவற்றிலும் பெண்களின் கை இருக்கிறது. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, 1976 திருத்தத்துக்குப் பின், 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்றது. 2017இன் மகப்பேற்று நலத் திருத்தம் 50 பேர் என்றது. பத்துப் பேர் நிற்கும் தறிக் கூடத்துக்கு எந்த எண்ணும் எட்டாது. பீஸ் கணக்கில் வீட்டிலேயே தைக்கிறவள் எண்ணிக்கைக்குள்ளேயே வர மாட்டாள். அங்கன்வாடிக்கு வாருங்கள்: கைப்பிள்ளையைப் பகல் முழுக்க வைத்துக்கொள்ள அங்கே ஏற்பாடு கிடையாது, சாயங்காலம் ஷிப்டு முடியுமுன் பூட்டு விழுந்துவிடும். அந்த இடைவெளியில்தான் பாட்டி உட்கார்ந்திருக்கிறாள். மில்லும் அரசும் கைவிட்ட வேலையை அவள் செய்கிறாள். தணிக்கை மட்டும் அவளுக்கு.

2018இல் மத்திய அரசு வெளியிட்ட காப்பக வழிகாட்டு நெறிகள் பிள்ளை ஒன்றுக்குக் குறைந்தது 10 முதல் 12 சதுர அடி கேட்கின்றன. இந்த அளவில் எங்கள் பாட்டி வீடு தேறிவிடும்: நூறு சதுர அடி, ஏழு பிள்ளை. ஸ்டவ்வையும் பாட்டியையும் கணக்கில் சேர்க்காவிட்டால்.

பதிவு செய்துவிட்டால் பத்திரம் என்ற நம்பிக்கையும் பரிசீலிக்கத்தக்கது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் கருகியது அரசு உதவி பெறும் பள்ளி இயங்கிய கட்டிடத்தில். அரசின் கோப்புக்கு வெளியே இருந்த இடமல்ல அது. கோப்பில் எழுத்து இருந்தது. மேலே கூரையும் இருந்தது.

மிஷெல் ஃபூக்கோ சொல்லும் பரிசோதனை, பார்க்கிறவனை மறைத்துப் பார்க்கப்படுகிறவளை வெளிச்சத்தில் நிறுத்துகிறது. நட்சத்திர முறையும் அப்படித்தான். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலம் 1998இல் இதைத் தொடங்கியது. கூடுதல் நட்சத்திரத்துக்குக் கூடுதல் மானியம். ஏற்கெனவே வசதி உள்ளவர் மேலேறுவார். ஓர் அறைக்காரி ஒற்றை நட்சத்திரத்திலேயே நிற்பாள். வறுமைக்கு மார்க் போடுவதைத் தரம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

வேறு வழிகளும் உண்டு. பிரான்ஸில் 1977 மே 17 சட்டம், வீட்டில் பிள்ளை பார்க்கிற பெண்ணுக்கு அங்கீகாரத்தோடு தொழிலாளி என்ற தகுதியையும் தந்தது. கொலம்பியாவில் 1986இல் ஏழைக் குடியிருப்புகளின் வீடுகளிலேயே அரசுத் திட்டமாகப் பிள்ளைப் பராமரிப்பு தொடங்கியது. அங்கே ‘சமூகத் தாய்மார்’ என்று பட்டம் கிடைத்த பெண்களுக்குக் குறைந்தபட்ச ஊதியத்தோடு வேலை ஒப்பந்தம் கிடைக்க 2014 ஆயிற்று. பட்டம் சீக்கிரம் வருகிறது, கூலி தாமதமாக வருகிறது.

நம் மரபும் இதற்கு விலக்கில்லை. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் முதலாவது காப்பு. தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டுப் பிள்ளையைக் காக்கச் சொல்வார்கள். பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பவளின் கூலியைப் பற்றிப் பேச்சில்லை. தொல்காப்பியம் செவிலிக்குக் கூற்று உரிமை தந்தது. இன்று ‘செவிலி’ மருத்துவமனைக்குப் போய்ச் சீருடையும் சம்பளமும் சங்கமும் பெற்றுவிட்டது, நல்லதுதான். பிள்ளை பார்த்தவள் திண்ணையிலேயே இருக்கிறாள். கூற்றும் போயிற்று.

மனுவில் எழுவாய்களை மாற்றினேன். மில் பிள்ளை பார்க்கும் செலவில் பங்கு தர வேண்டும். அரசு அங்கன்வாடியை ஷிப்டு முடிகிற வரை திறந்து வைக்க வேண்டும். பாட்டிக்குக் கூலி வேண்டும், அறைக்கு வெளியே சமையல் மேடை வேண்டும். பிறகு ஆய்வாளர் வரட்டும்.

ஒரு தோழர் கோபப்பட்டார்: ‘அதுவரைக்கும் பிள்ளை வெந்தா?’ நியாயமான கேள்வி. தழும்பு உள்ள கையால் அதைத் தள்ள முடியவில்லை. எனவே இன்னொரு வரி சேர்த்தேன்: ஆய்வாளர் நாளைக்கே வரலாம், முதல் முறை வரும்போது மார்க் போட வேண்டாம், அடுப்புக்குத் தடுப்பும் தொட்டிக்கு மூடியும் கொண்டுவர வேண்டும்.

சந்திப்பிழை இரண்டு இருந்தது. அதையும் திருத்திக் கொடுத்துவிட்டேன்.