இலத்தீனில் அரிஸ்டாட்டில்: ஒரு சொல்லாராய்ச்சி

மறுமலர்ச்சிக் காலத்து இத்தாலியில் கிரேக்க மெய்ப்பொருள் நூல்கள் மறுவாழ்வு பெற்றன என்று வரலாற்று நூலார் பலரும் எழுதுவர். பிளேட்டோவைப் பொறுத்தவரை அக்கூற்றுப் பெரிதும் பொருந்தும். அவர்தம் உரையாடல்களுள் மிகச் சிலவே அதற்குமுன் மேலை ஐரோப்பாவில் இலத்தீன் வாயிலாக அறியப்பட்டிருந்தன. மார்சிலியோ பிச்சீனோவின் மொழிபெயர்ப்பு 1484இல் புளோரன்சு நகரில் அச்சேறிய பின்னரே பிளேட்டோவை முழுமையாகக் கற்கும் வாய்ப்பு இலத்தீன் வல்லார்க்குக் கிட்டிற்று. அரிஸ்டாட்டிலின் நிலை வேறு. அவர் நூல்களுட் பெரும்பாலன 13ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே இலத்தீனில் வந்துவிட்டன. பல்கலைக் கழகங்களில் பாடமாகவும் இருந்தன. அவற்றிற்குப் பேருரைகளும் எழுந்தன. அங்ஙனமாகவும் 15ஆம் நூற்றாண்டினர் அவற்றை மீண்டும் மொழிபெயர்க்கப் புகுந்தது ஏன்? முன்னையோர் மொழிபெயர்ப்புப் பிழை மலிந்தது, பின்னையோரது தெளிவும் அழகும் உடையது என்பதே வழக்கமாகக் கூறப்படும் விடை. இவ்விடை பின்னையோர் தம்மைப் பற்றித் தாமே கூறிக்கொண்டது என்பதை நாம் மறத்தல் ஆகாது. அரிஸ்டாட்டிலின் அறவியல் நூலில் வரும் ஒரு சொல்லைக் கொண்டு இதனை ஆராய்வதே ஈண்டு எம் நோக்கம்.

நிக்கோமாக்கசு பெயரால் வழங்கும் அவ்வறவியல் நூலை முதன்முதல் முழுமையாக இலத்தீனில் தந்தவர் இங்கிலாந்து நாட்டு லிங்கன் நகர்ப் பேராயர் இராபர்ட்டு குரோசுடெசுட்டு. காலம் 1246–47 அளவில். அவர் கைக்கொண்ட முறை சொல்லுக்குச் சொல் பெயர்த்தல். கிரேக்கத் தொடரில் எச்சொல் எவ்விடத்தில் நிற்கின்றதோ அவ்விடத்திலேயே இலத்தீன் சொல்லும் நிற்கும். ஒத்த சொல் கிடையாதவிடத்துக் கிரேக்கச் சொல்லே இலத்தீன் எழுத்தில் நிற்கும். படிப்பார்க்கு இது கரடுமுரடான நடையே. எனினும் இம்முறையில் ஒரு பயன் உண்டு. ஒரே கிரேக்கச் சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே இலத்தீன் சொல் வருதலின், கிரேக்கம் அறியாத மாணவனும் மூலத்தின் வாதம் எங்கெங்கே ஒரே சொல்லைப் பற்றிச் செல்கின்றது என்பதைத் தடம்பற்றிக் காண இயலும். தாமசு அக்குவினாசு இந்நூலுக்கு உரை எழுதியது இம்மொழிபெயர்ப்பின் திருத்திய வடிவத்தைக் கொண்டே ஆகும்.

1397இல் கான்சுடாண்டிநோப்பிள் நகரத்து அறிஞர் மானுவேல் கிரிசொலோராசு புளோரன்சுக்கு வந்து கிரேக்கம் கற்பிக்கத் தொடங்கினார். அவர்பால் பயின்ற மாணவருள் தலைசிறந்தவர் அரெத்சோ நகரத்து லியொனார்தோ புரூனி. பிற்காலத்தில் புளோரன்சுக் குடியரசின் தலைமைச் செயலராக 1427 முதல் 1444இல் தாம் இறக்கும்வரை இருந்தவரும் இவரே. புரூனி 1416–17இல் அறவியல் நூலைப் புதிதாக மொழிபெயர்த்தார். அதற்கு எழுதிய முன்னுரையில் பழைய மொழிபெயர்ப்பைக் கடுமையாகச் சாடினார். பாதி கிரேக்கமும் பாதி இலத்தீனுமாய், இரண்டிலும் குறைபட்டதாய் அது இருக்கின்றது என்பது அவர் குற்றச்சாட்டின் சாரம். அரிஸ்டாட்டில் நாவன்மையிலும் வல்லவர் என்று சிசரோ புகழ்ந்திருக்க, அவரை இவ்வாறு நாத்தடுமாறும்படி செய்தல் தகுமோ என்று புரூனி வருந்தினார். (சிசரோ புகழ்ந்த நடை பெரும்பாலும் இன்று நமக்குக் கிடையாத உரையாடல் நூல்களின் நடை என்பதும், அறவியல் நூல் பாடக் குறிப்புப் போன்று சுருங்கிய நடையினது என்பதும் அவர் கருதிப் பார்க்கவில்லை.)

புரூனி எடுத்துக்காட்டிய குறைகள் சில மறுக்கவொண்ணாதன. நகைச்சுவை நயத்தைக் குறிக்கும் 'யூத்ரப்பேலியா' என்ற கிரேக்கச் சொல்லைப் பழையவர் அப்படியே விட்டார். இலத்தீனில் அதற்கு ஒன்றன்று, பல சொற்கள் உள என்று புரூனி அடுக்கிக் காட்டினார். இன்பத்துக்குப் பழையவர் வைத்த 'தெலெக்தாத்தியோ' என்பதை நீக்கி 'வொலுப்தாசு' என்று வைத்தார்; துன்பத்துக்கு வைத்த 'திரிசித்தித்தியா' என்பதை நீக்கித் 'தோலோர்' என்று வைத்தார். கிரேக்கர் இன்பம் என்று கூறுவதற்கு 'வொலுப்தாசு' என்பதைவிட நேரான இலத்தீன் சொல் இல்லை என்று சிசரோவே எழுதியிருத்தலின் இதற்கு வலிய சான்று உண்டு. எனினும் 'யூத்ரப்பேலியா' பற்றி யாம் ஐயுறுகின்றோம். ஒரு குறியீட்டுக்கு ஈடாகப் பல சொற்களை அடுக்க நேர்ந்ததே, அவற்றுள் எதுவும் அதற்கு முழுதும் ஒத்ததன்று என்பதைக் காட்டவில்லையா? பிற்காலத்தில் எழுதிய மொழிபெயர்ப்பு முறை பற்றிய நூலில், அரசியல் நூலின் பழைய மொழிபெயர்ப்பாளர் 'தெமோக்கிராத்தியா', 'ஒலிகார்க்கியா' என்ற கிரேக்கச் சொற்களை விட்டுவைத்தமைக்கும் புரூனி சினந்தார். அச்சொற்கள் இன்று ஐரோப்பிய மொழிகளிலெல்லாம் வேரூன்றி நிற்கின்றன. அவ்வழக்கில் காலம் புரூனிக்கு எதிராகத் தீர்ப்புக் கூறிற்று என்க.

இனி, நாம் எடுத்துக்கொண்ட சொல்லுக்கு வருவோம். அறவியல் நூலின் முதல் தொடரில் அரிஸ்டாட்டில் கூறுவது இது: கலை, ஆராய்ச்சி, செயல், தேர்வு ஆகிய ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நன்மையை நாடுகின்றது, ஆதலால் எல்லாம் நாடுவது எதுவோ அதுவே நன்மை எனப்படுவது என்று கூறியோர் கூற்று நன்று. முன்பகுதியில் நன்மை என்ற சொல் சுட்டின்றி நிற்கின்றது. பின்பகுதியில் அதன்முன் வரையறுக்கும் சுட்டு ஒன்று ஒட்டித் 'தகதோன்' என்றாகின்றது. இலத்தீன் மொழியில் இத்தகைய சுட்டு இல்லை. தமிழிலும் இல்லை; 'எனப்படுவது' என்று யாம் மேலே கூட்டி எழுதியது அவ்விடர்ப்பாட்டினாலேயே. குரோசுடெசுட்டு ஈரிடத்தும் 'போனும்', அதாவது நன்மை, என்றே வைத்துப் போனார். வேறுபாடு மறைந்தது; ஆனால் புதியது எதுவும் புகவில்லை. புரூனியோ பின்பகுதியில் 'சும்மும் போனும்', அதாவது தலையாய நன்மை, என்று பெயர்த்தார்.

இம்மாற்றம் சிறிதன்று. அரிஸ்டாட்டிலின் வாதம் படிப்படியாகச் செல்வது. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு நோக்கு உண்டு. ஒரு நோக்கு மற்றொன்றன் பொருட்டு அமைகின்றது, கடிவாளம் செய்யும் கலை குதிரை ஊர்தற் கலைக்கு உட்பட்டது போல. இத்தொடர் முடிவின்றிச் செல்லுமாயின் நம் வேட்கை வெறுமையாகும். ஆதலின் தன்பொருட்டே விரும்பப்படும் ஒன்று உண்டெனின், அதுவே நன்மையும் அனைத்தினும் சிறந்ததும் ஆகும். தலையாய நன்மை என்பது இவ்வாதத்தின் முடிவு. முதல் தொடரிலேயே அதனை வைத்துவிட்டால் நிறுவ வேண்டியதை நிறுவாமலே கொண்டதாக ஆகின்றது. மேலும், செருப்புத் தைப்பவனும் சிற்பியும் ஏதோ ஒரு நன்மையை நாடுகின்றனர் என்பதிலிருந்து எல்லாரும் தலையாய நன்மையை நாடுகின்றனர் என்பது பெறப்படாது.

புரூனி இதனை அறியாமற் செய்தாரல்லர். தம்மைக் குறைகூறியோர்க்கு விடையாக அவர் எழுதிய மடல்களில் சுட்டொடு கூடிய கிரேக்கச் சொல் தனியாற்றல் உடையது என்று வாதிட்டார். அவர் பக்கம் நின்று பேசுவதற்கு அறவியல் நூலிலேயே இடம் உண்டு. பத்தாம் பகுதியில் யூதொக்சசு என்பார் கொள்கை கூறப்படுகின்றது. எல்லா உயிரும் இன்பத்தை நாடுதலால் இன்பமே 'தகதோன்' என்பது அவர் துணிபு. அங்கே அச்சொல் யாதோ ஒரு நன்மையைக் குறியாது, அனைத்துக்கும் மேலான ஒன்றையே குறிக்கின்றது. முதல் தொடரின் பழமொழி யூதொக்சசின் கருத்தை எதிரொலிப்பது எனக் கொள்வாரும் உளர். அவ்வாறாயின் புரூனியின் பெயர்ப்புச் சொல்லின் வரலாற்றுக்கு ஒத்தது. நூலின் வாதத்துக்கே ஒவ்வாதது.

ஆயின் அவரை அச்சொல்லுக்கு உய்த்தது கிரேக்கச் சுட்டு மட்டும் அன்று. 'சும்மும் போனும்' என்ற தொடர் சிசரோவின் நூல்களில் ஊறியது. எபிக்கூரியர், ஸ்டோயிக்கர், அரிஸ்டாட்டில் வழியினர் ஆகியோர் தலையாய நன்மை எது என்று தம்முள் மாறுபட்ட வழக்கைச் சிசரோ விரிவாக எழுதியிருக்கின்றார். புரூனியும் 1420களில் அறநூல் புகுமுகமாக ஒரு சிறுநூல் இயற்றி, அம்மூவர் கொள்கைகளையும் அதே முறையில் ஒப்பிட்டார். ஆகவே, அரிஸ்டாட்டிலின் அறவியலை அவர் படிக்கும்போது அது உரோமர் எழுப்பிய வினாவுக்குக் கிரேக்கர் ஒருவர் கூறிய விடையாகவே அவர் கண்ணுக்குப் பட்டது. உண்மையில் அவ்வழக்கு அரிஸ்டாட்டில் மறைந்தபின் வந்த பள்ளிகளின் வழக்கு. இங்கே மொழிபெயர்ப்பு உரையாகிவிட்டது. உரை என்று பெயர் இட்டுக்கொள்ளாத உரை. தாமசு அக்குவினாசின் உரையில் மூலம் வேறு, உரை வேறு என்று மாணவன் பிரித்து உணரலாம். புரூனியின் ஒழுகிய இலத்தீனில் அவ்வாறு பிரித்தற்கு வழியே இல்லை.

இதனைக் கண்டு எதிர்த்தவர் காஸ்டில் நாட்டு அலோன்சோ தே கார்த்தகேனா. சட்டம் பயின்றவர், 1435இல் பூர்கோசு நகர்ப் பேராயர் ஆனவர், சிசரோ, செனெக்கா நூல்களைக் காஸ்டில் மொழியில் பெயர்த்தவர். சிசரோவை அறியாத பழமைவாதி என்று அவரை ஒதுக்குவோர் இதனை நோக்கல் வேண்டும். 1430 அளவில் அவர் எழுதிய மறுப்பு நூல் 1922இல் பீர்க்கன்மாயர் பதிப்பால் ஆராய்ச்சியாளர் கைக்கு எளிதில் எட்டியது. கார்த்தகேனா கிரேக்கம் அறியார். அதனை மறைக்கவும் இல்லை. அறிவு எல்லா இனத்தார்க்கும் பொது. ஆதலின் இலத்தீன் தொடர் அறிவுக்கு ஒத்ததா, சொல்லாட்சி சரியா என்று ஆராய்ந்தாற் போதும், கிரேக்கத்தில் அவ்வாறு உள்ளதா என்று நோக்க வேண்டா என்பது அவர் எடுத்த நிலை. எல்லாம் நாடுவது நன்மையை. தலையாய நன்மையை எல்லாம் நாடுவதில்லை என்று அவர் புரூனியை மறுத்தார்.

அவர் அடிப்படை ஏற்கத்தக்கதன்று. அறிவுக்கு ஒத்ததே அரிஸ்டாட்டில் கூறியது என்று கொண்டால் அரிஸ்டாட்டில் ஒருபோதும் பிழைபட மாட்டார். நம்மோடு ஒருபோதும் மாறுபடவும் மாட்டார். மூலம் நம் முகத்தையே காட்டும் கண்ணாடியாகிவிடும். மொழிபெயர்ப்பை மூலத்தோடு ஒப்பிட்டே அளத்தல் வேண்டும் என்ற புரூனியின் விடையில் இக்கால ஆராய்ச்சி முறையின் வித்து இருக்கின்றது. ஆயினும், இச்சொல்லளவில் வழக்கு எவ்வாறு முடிகின்றது? கிரேக்கம் அறியாதவர் வாதத்தின் போக்கை நோக்கினார், சரியாகக் கண்டார். கிரேக்கம் வல்லவர் சொல்லின் ஆட்சியை நோக்கினார்; வாதத்தைத் தவறவிட்டார். கார்த்தகேனாவின் உள்ளக் குறையும் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் உரையாசிரியரும் மாணவரும் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று வரையறுத்து வளர்த்த குறியீட்டு மரபு, நடையழகின் பொருட்டுக் கலைக்கப்படுவதை அவர் கண்டார். 'வொலுப்தாசு' என்றாற் பெரும்பாலும் உடலின்பமே நினைவுக்கு வரும் இடத்தில், மெய்யுணர்வால் வரும் இன்பத்தையும் அச்சொல்லால் எவ்வாறு சுட்டுவது என்ற இடர்ப்பாடு உண்மையானதே.

சிசரோவின் வழியே அரிஸ்டாட்டிலைக் காணும் இப்போக்குப் புரூனியோடு நிற்கவில்லை. அடுத்த தலைமுறையில் அது வெளிப்படையாகவே வழக்காயிற்று. உயிரின் இலக்கணம் கூறுமிடத்து அரிஸ்டாட்டில் 'எந்தெலெக்கியா' என்ற சொல்லை ஆள்கின்றார். தன் நிறைவைத் தன்னுட் கொண்டிருத்தல் என்பது அதன் கருத்து. சிசரோவோ அரிஸ்டாட்டில் உயிரை 'எந்தெலெக்கியா' என்று அழைத்தார் என எழுதி, இடையறாத இயக்கம் என்று அதற்குப் பொருள் உரைத்தார். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். கிரேக்கத்தில் முன்னதில் வருவது வல்லோசைத் தகரம், பின்னதில் வருவது மெல்லிய ஓசைத் தகரம். அவ்வோர் எழுத்தால் சொல்லே வேறாகின்றது. 1450களின் பிற்பகுதி முதல் புளோரன்சில் அரிஸ்டாட்டிலைக் கற்பித்த யோவான்னெசு ஆர்கிரோபூலோசு, சிசரோ மெய்ப்பொருளும் அறியார், கிரேக்கமும் அறியார் என்று வகுப்பில் கூறினார். கேட்ட இத்தாலியர்க்கு அது பொறுக்கவில்லை. அவர் மாணவராயிருந்த போலித்சியானோ 1489இல் வெளியிட்ட தம் சிற்றாராய்ச்சித் தொகுதியின் முதல் இயலிலேயே ஆசிரியரை மறுத்துச் சிசரோவைக் காக்க முற்பட்டார். ஆர்கிரோபூலோசு 1487இல் இறந்துவிட்டமையின் விடை வரவில்லை.

போலித்சியானோவின் வாதத்திறனை யாம் வியக்கின்றோம். முடிபை ஏற்கின்றோம் அல்லோம். உயிர் தானே இயங்குவது என்ற பிளேட்டோவின் கொள்கையை அரிஸ்டாட்டில் உயிர் பற்றிய நூலின் முதற்பகுதியிலேயே மறுக்கின்றார். இடையறா இயக்கம் என்ற பொருள் அந்நூலுக்குள் எவ்வாற்றானும் பொருந்தாது. சிசரோவின் சொல்லுக்கு மூலம் இழந்துபோன வேறு நூல் ஒன்றில் இருந்திருக்கலாம் என்று இரங்கிக் கூறுவதற்கு இடம் உண்டு. கையில் உள்ள நூலை அதற்காக வளைத்தற்கு இடம் இல்லை.

வெனிசு நகரத்து எர்மொலாவோ பார்பாரோ இவ்வழக்கிற் புகாமல் வேறு வழி கண்டார். பழைய இலத்தீனார் எவரும் ஆளாத 'பெர்பெக்திஹாபியா' என்ற சொல்லைத் தாமே படைத்தார். நிறைவு, உடைமை என்ற இரு கருத்துகளையும் இணைத்த சொல் அது. இச்சொல்லின் பொருளை அறியும் பொருட்டு அவர் பேயிடம் உசாவினார் என்று ஒரு கதை பின்னாளில் எழுந்தது. லைப்னிட்சும் 1710இல் வெளியிட்ட தம் நூலில் அக்கதையைக் குறிப்பிடுகின்றார். பார்பாரோவின் சொல் வழக்கில் நிலைபெறவில்லை. பள்ளிகளில் ஆசிரியர்கள் 'ஆக்துசு' என்ற பழைய இலத்தீன் சொல்லையே தொடர்ந்து ஆண்டு வந்தனர்.