லில்லின் பற்கள்: ‘தி வேஸ்ட் லேண்ட்’ வாசிக்கப்பட்ட நூறாண்டு

டி. எஸ். எலியட்டின் ‘தி வேஸ்ட் லேண்ட்’ 1922 அக்டோபரில், அவரே ஆசிரியராக இருந்த ‘கிரைட்டீரியன்’ முதல் இதழில் வந்தது. நானூற்றுச் சொச்சம் வரிகள். டிசம்பரில் நியூயார்க்கில் புத்தகமானபோது பக்கம் போதவில்லை. எலியட் பின்னிணைப்பாகக் குறிப்புகள் எழுதிச் சேர்த்தார். அன்று தொடங்கி, வாசகர்களில் பாதிப் பேர் கவிதையை விட்டுவிட்டுக் குறிப்புகளின் பின்னால் போனார்கள்.

ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் போன்ற தொடக்ககால விமர்சகர்கள் இதில் முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஒரு தலைமுறையின் மனமுறிவைக் கேட்டார்கள். அப்படி எழுதுவது தன் நோக்கமே இல்லை என்று எலியட் 1931இல் மறுத்தார். விமர்சகர் கிளீந்த் புரூக்ஸ் 1939இல் தொன்மங்களைக் கொண்டு கவிதையை ஒழுங்கான கட்டடமாக நிறுத்திக் காட்டினார். கூர்மையான வாசிப்புதான், ஆனால் கவிதைக்குள் கேட்கும் மனிதக் குரல்களின் நடுக்கம் அதில் அடங்கிப்போயிற்று என்பது என் எண்ணம். தன் குறிப்புகளால் வாசகர்களைத் தவறான தேடலுக்கு அனுப்பிவிட்டதற்காக 1956இல் எலியட்டே வருந்தினார்.

வாசிப்பைத் திருப்பிப் போட்டது 1971. தொலைந்துவிட்டதாக நம்பப்பட்ட கையெழுத்துப் படி, நியூயார்க் பொது நூலகத்தின் சேகரிப்பிலிருந்து வெளிப்பட்டு, அவருடைய இரண்டாம் மனைவி வாலரி எலியட்டின் பதிப்பாக அச்சேறியது. வரைவைத் திருத்திய கவிஞர் எஸ்ரா பவுண்ட் அடித்துத் தள்ளிய பக்கங்களும், முதல் மனைவி விவியன் ஓரத்தில் எழுதியவையும் கண்ணுக்குத் தெரிந்தன. சிதைந்த ஒரு திருமணத்தின் கவிதையாகப் பலர் இதை வாசிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

போரா, திருமணமா என்ற இந்த வழக்கு எனக்குத் தேவையற்றதாகவே படுகிறது. இரண்டாம் பகுதியின் மதுக்கடைக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நான் முதலில் குறிப்புகள் உள்ள பின்பக்கத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டுதான் இக்கவிதையைப் படித்தேன். அந்தக் காட்சியில் மட்டும் விரலுக்கு வேலை இருக்கவில்லை. நான்கு ஆண்டு பட்டாளத்தில் இருந்த ஆல்பர்ட் வீடு திரும்புகிறான். பல் கட்டிக்கொள்ளக் கொடுத்த பணத்தை என்ன செய்தாய் என்று அவன் கேட்பான் என அவன் மனைவி லில்லை எச்சரித்ததாக அவள் தோழி கதை சொல்கிறாள். லில்லுக்கு வயது 31. ஐந்து பிள்ளைகள், கடைசிப் பேற்றில் சாகக் கிடந்தவள். கருவைக் கலைக்க விழுங்கிய மாத்திரைகள் அவளை உருக்குலைத்துவிட்டன.

படைவிடுப்பைக் குறிக்கும் கொச்சைச் சொல்லை இங்கே வைத்தது பவுண்டின் திருத்தம். பிள்ளை வேண்டாமென்றால் கல்யாணம் எதற்கு என்று தோழி கேட்கும் கேள்வி விவியன் தந்தது. போரும் திருமணமும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கின்றன. கவிதையில் வரும் உபநிடதமும் கிரேக்கமும் தெரியாத வாசகர்கூட இந்த இடத்தில் நின்றுவிடுவார். லில் அந்தக் கடையில் இருப்பதாகவே தெரியவில்லை. அவள் கதையைப் பிறர் பேசுகிறார்கள். அதுவும் முழுதாக முடிவதில்லை. நேரமாயிற்று, கிளம்புங்கள் என்று கடைக்காரர் திரும்பத் திரும்பக் குறுக்கே கத்துகிறார்.