‘சாமி’ என்னும் விளி: ‘கோவேறு கழுதைகள்’ நாவலில் செபமும் பிழைப்பும்

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994), தலித்துகளுக்குள் நிலவும் ஏற்றத்தாழ்வைப் பேசும் நாவல் என்ற அளவிலேயே பெரிதும் விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. ஒடுக்கப்பட்டோரை ஒடுக்குவோராகக் காட்டலாமா என்ற கேள்வி ஒருபுறம். உள்ளதை உரைத்த துணிவு என்ற பாராட்டு மறுபுறம். இவ்வழக்கிடையே ஆரோக்கியம் ஒரு கிறித்தவப் பெண் என்பது வெறும் பின்புலச் செய்தியாகச் சுருங்கிப்போயிற்று. ஆரோக்கியம், சவுரி, ஜோசப், பீட்டர், மேரி என்னும் பெயர்களை மாற்றிவிட்டாலும் நாவல் மாறாது என்பதுபோன்ற இவ்வாசிப்பு போதுமானதன்று.

கல்வராயன் மலையில் தோன்றி விருத்தாசலம் வழியே வெள்ளாற்றில் கலக்கும் மணிமுத்தாற்றை ஒட்டிய நடுநாட்டுப் பேச்சு மொழியே இந்நாவலின் மொழி. காலனியாரின் துணி வெளுத்தல், பிள்ளைப்பேறு பார்த்தல், சாவு வீட்டு வேலைகள், களத்தில் தானியத்துக்குக் காத்துநிற்றல், இரவில் வீடுவீடாகச் சோறு எடுத்தல் என்றே புதிரை வண்ணாரான ஆரோக்கியத்தின் நாள்கள் கழிகின்றன. இவற்றில் எதற்கும் கூலி வரையறை இல்லை; கொடுப்பவர் மனமே அளவு. ஆகவே உழைப்பும் இரத்தலும் வேண்டுதலும் அவளிடம் பிரிந்து நிற்பதில்லை. காலனியாரை அவள் ‘சாமி’ என்றே விளிக்கிறாள். தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் கடவுளும் சாமி, குருவானவரும் சாமியார். விளி ஒன்றாயினும் விளிப்பவளின் உரிமை ஒன்றன்று. களத்துமேட்டில் அள்ளிப் போட்டதைப் பெற்றுக்கொண்டு வாழ்த்தவேண்டும். முணுமுணுத்தால் அடுத்த வேளைச் சோறு ஐயத்திற்குரியது. கடவுளிடமோ முறையிடலாம், ஏசலாம், கணக்குக் கேட்கலாம். அவள் செபம் புலம்பலாகவும் புலம்பல் வசையாகவும் மாறும் இடங்களைப் பக்திக் குறைவாகக் கொள்ளலாகாது. ஏன் கொடுக்கவில்லை என்று அவளால் கேட்க இயலும் ஒரே சாமி அதுதான்.

மூத்த மகன் ஜோசப்பைச் சாமியாராக்கும் ஆசையையும் இவ்வொளியில் காணவேண்டும். திருச்சபை விதைத்த மயக்கம் என்று இதனை எளிதில் ஒதுக்கிவிடலாம். ஆனால் எல்லோரையும் சாமி என்று அழைத்தே வாழ்ந்த ஒருத்தி, தன் வயிற்றுப் பிள்ளையைப் பிறர் அவ்வாறு அழைக்கவேண்டும் என விரும்புவதில் பக்தியினும் கூர்மையான ஒரு சமூக அறிவு இருக்கிறது. அது நிறைவேறவில்லை. ஜோசப் சகாயத்தை மணந்து பிரிந்துபோகிறான். மேரி சடையனால் சீரழிக்கப்பட்டபின் நியாயம் கேட்க அக்குடும்பத்திற்கு ஓர் இடமில்லை. நாவலில் செபம் எதனையும் மாற்றுவதில்லை. ஆயினும் அவள் அதனை விடுவதுமில்லை. இம்முரணைத் தீர்த்துவைக்க முயலாமை இமையத்தின் பலம்.

பாமாவின் ‘கருக்கு’ (1992) இங்கு நினைக்கத்தக்கது. துறவற மடத்தைவிட்டு வெளியேறிய ஒருவரின் குரல் அது. அமைப்பை உள்ளிருந்து கண்டு, அதன் சாதியைப் பெயர் சொல்லிச் சாடுகிறது. ஆரோக்கியத்திற்கு வெளியேற ஓர் உள்ளே இருந்ததே இல்லை. சட்டமும் அவளுக்குத் துணையில்லை: 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை, 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் நீட்டிக்கப்பட்டதேயன்றிக் கிறித்தவருக்கு நீட்டிக்கப்படவில்லை.

நாவலின் குறை வேறிடத்தில் உள்ளது. குருவானவர் நாவலில் ஒரு தனிமனிதராகவே நிற்கிறார்; திருச்சபைக்குள் இயங்கும் சாதி பேசப்படவில்லை. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்து எறையூரில், தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டுமெனத் தலித் கத்தோலிக்கர் கேட்டதைத் தொடர்ந்து வன்னியக் கத்தோலிக்கருடன் எழுந்த மோதல், 2008 மார்ச்சில் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழப்பதில் முடிந்தது. எங்கே நின்று செபிப்பது என்பதே அங்கு வழக்கு. நாவல் இந்நிகழ்வுக்குப் பதினான்கு ஆண்டுகள் முந்தியது; எனினும் இப்பகுதித் தேவாலயங்களின் சாதிப் பிரிவினை அதனினும் பழையது. எறையூர் போன்ற ஊரில் தலித்துகள் கேட்ட தனிப் பங்கு கிடைத்தாலும், அதில் ஆரோக்கியம் எந்த வரிசையில் முழந்தாளிடுவாள் என்பதை நாவல் எழுப்பியிருக்கக்கூடும், எழுப்பவில்லை.