நம் சிறுகதைகளும் வீசாக் காத்திருப்பும்: சில அவதானிப்புகள்

வெளிநாட்டுக் கணவனிடம் போய்ச்சேர வீசாவுக்காகக் காத்திருக்கும் கர்ப்பிணிப் பெண் நமது சிறுகதைகளுக்குப் புதியவள் அல்லள். நான் வாசித்த பல கதைகளில் அவளைச் சந்தித்திருக்கிறேன். ஜன்னலோரம் நிற்பாள், தொலைபேசி அடிக்கும், கண்ணீர் வடிப்பாள், கதை முடிந்துவிடும். அவளுடைய துயரத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அத்துயரம் எங்கிருந்து வருகிறது என்பதை இக்கதைகள் சொல்வதில்லை. இதுவே என் குறை.

இதற்குப் பழைய மரபொன்றின் நிழல் காரணம் எனலாம். முல்லைப்பாட்டின் 103 அடிகளில் தலைவி கார்காலம் பார்த்து ஆற்றியிருக்கிறாள். முதுபெண்டிர் விரிச்சி கேட்டு வருகின்றனர். பாட்டு முடியுமுன் தலைவன் பாசறையிலிருந்து மீள்கிறான். வளைகுடாவுக்கு உழைக்கப் போனவர்களின் மனைவியரை எழுத இந்த அச்சு ஒருவாறு பொருந்தியது. ஒப்பந்தம் முடிந்தால் அவர் வருவார். தமிழகத்தின் சல்மா ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யில் (2004) ஆண்கள் கடல் கடந்துபோன ஊரின் பெண்களை மிகுந்த துணிவோடு எழுதினார். அங்கும் பெண்கள் இருக்குமிடம் வீடுதான். துணைவர் வீசாவிலோ அவர் வரப்போவதில்லை. இவள்தான் போக வேண்டும். காத்திருப்பவளே பயணியும் ஆகிறாள். முல்லையின் அச்சில் இவளை வார்த்தால் பாதிப் பெண்தான் கிடைப்பாள்.

எருக்கலம்பிட்டியிலோ தாராபுரத்திலோ லண்டன் மாப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்ட ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். நிக்காஹ் முடிந்து ஒரு மாத லீவில் நின்றுவிட்டு மாப்பிள்ளை திரும்பிவிட்டார். அவள் இப்போது முழுகாமல் இருக்கிறாள். ஆறு மாதத்துக்கு மேல் பிரித்தானியாவில் தங்க விண்ணப்பிக்கும் இலங்கையர் காசநோய்ப் பரிசோதனைச் சான்று காட்ட வேண்டும். வழமையாக அது நெஞ்சு எக்ஸ்ரே. கர்ப்பிணி அதைத் தவிர்த்துச் சளிப் பரிசோதனை செய்யலாம். அதன் முடிவு வர ஏறத்தாழ எட்டு வாரம் செல்லும். 28 வாரம் கடந்த கர்ப்பிணியிடம் பல விமான நிறுவனங்கள் வைத்தியரின் கடிதம் கேட்கும். 36 வாரம் கடந்தால் பெரும்பாலும் ஏற்றுவதில்லை. ஒருபுறம் கிளினிக் அட்டையில் வாரங்கள் கூடுகின்றன. மறுபுறம் கந்தோரிலிருந்து பதிலில்லை.

இதற்குள் பிள்ளை பிறந்துவிட்டால்? தகப்பன் அங்கு நிரந்தர வதிவுரிமை மட்டும் பெற்றவர் என்று வைத்துக்கொள்வோம். 1981ஆம் ஆண்டுப் பிரித்தானியப் பிரஜாவுரிமைச் சட்டப்படி லண்டனில் பிறக்கும் பிள்ளை பிறந்த கணத்திலேயே அந்நாட்டுப் பிரஜை. மன்னார் வைத்தியசாலையில் பிறந்தால் அதே பிள்ளை அந்நாட்டுப் பிரஜை அன்று. அதற்கும் தனியாக ஒரு விண்ணப்பம் போட வேண்டும். ஒரு பிரசவ வலி எந்தக் கரையில் எடுக்கிறது என்பதில் ஓர் உயிரின் உரிமை தொங்குகிறது. இதைவிடப் பெரிய கதைமுடிச்சு எழுத்தாளருக்கு எங்கே கிடைக்கும்?

கணவனையும் நம் கதைகள் சரியாகப் பார்ப்பதில்லை. பேசாமல் விடும் கணவன் அவற்றில் கல்நெஞ்சன். மனைவியை அழைப்பவருக்கு 2012இல் ஆண்டுக்கு 18,600 பவுண் என்று வைத்த வருமான எல்லை 2024 ஏப்ரலில் 29,000 ஆனது. அந்தத் தொகையை எட்ட இரண்டாவது வேலைக்குப் போனவனுக்குத் தொலைபேசி எடுக்க நேரமேது?

இனி நம் சமூகத்துக்குள் இருக்கும் முரண். 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் காவின் பதிவில் மாப்பிள்ளையிடமும் வலியிடமும் ஒப்பம் கேட்டது, மணப்பெண்ணிடம் கேட்கவில்லை. பதியாத நிக்காஹ்வும் அச்சட்டப்படி செல்லும். வீசாக் கந்தோரில் செல்லாது. சொந்த நிக்காஹ்வில் பேனா தொடாத பெண், வீசா விண்ணப்பத்தில் தன் பெயரால் உறுதிமொழி கொடுக்கிறாள். ‘உங்கள் உறவு எப்போது தொடங்கியது?’ என்று படிவம் கேட்கிறது. ஊர் வாத்தியார் என்பதால் இத்தகைய கேள்விகளுக்குப் பொருள் கேட்டு என்னிடம் வருவார்கள். வாப்பாவோடு வந்து நிற்கும் பெண்ணிடம் அந்தக் கேள்வியைத் தமிழில் சொல்ல எனக்கு நா எழுவதில்லை. வலி பேசி முடித்த உறவுக்கு அவள் என்ன திகதி எழுதுவாள்? அந்த ஒரு வரிக்குள் ஒரு சிறுகதை முழுதாக இருக்கிறது.

கடதாசியின் அருமை எமக்குத் தெரியாததல்ல. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்குப் போன சனம் நாங்கள். பிறப்புச் சான்றிதழும் காவின் பிரதியும் காணி உறுதியும் தொலைத்தவர்கள் பிறகு பட்ட பாடு வீட்டுக்கு வீடு தெரியும். அந்த அறிவு நம் வெளியேற்றக் கதைகளில் ஓரளவு இருக்கிறது. பெண்ணின் கதைக்கு வந்ததும் அது மறைந்து, கண்ணீர் மட்டும் மிஞ்சுகிறது.

புலம்பெயர் இலக்கியத்தில் இதற்கு மாறான முன்னுதாரணம் உண்டு. ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) அகதி விண்ணப்பத்தின் குரலில் தொடங்குகிறது. விண்ணப்பத்தின் வரட்சியான மொழிக்குள்ளேயே ஒரு வாழ்க்கை பிதுங்கித் தெரிகிறது. ஆணின் அகதிக் கோரிக்கை நாவலின் வடிவமாக முடியுமென்றால், கர்ப்பிணியின் வீசாக் கோப்பு ஏன் ஒரு கதையின் வடிவமாகக் கூடாது?

சிறுகதை குடிவரவுக் கைநூல் அல்ல என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். சட்டப் பிரிவுகளைக் கதையில் அடுக்கும்படி நான் கேட்கவில்லை. மீனவனைப் பற்றி எழுதுபவர் காற்றையும் நீரோட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோமல்லவா? இவளுடைய காற்றும் நீரோட்டமும் அந்தக் கோப்புக்குள் இருக்கின்றன. அதை அறியாமல் எழுதினால் அவளுடைய சோகம் விதியாகிவிடுகிறது. விதி என்றானபின் கேள்வி கேட்க யாருமில்லை. வருமான எல்லையை வைத்தவர்களும் மனிதர்கள். காவின் பதிவில் பெண்ணின் கையொப்பத்தை வேண்டாமென்று விட்டவர்களும் மனிதர்கள்.

எனவே இவளைப் பற்றி அடுத்து எழுத இருப்பவர்களிடம் ஒன்று கேட்பேன். அவளை அழவைக்கும் முன், அவளுக்கு இது எத்தனையாவது வாரம் என்று எழுதுங்கள்.